ரத்தத்தில் பதற்றத்தை அளக்க முடியுமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 38. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஓராண்டாகவே படபடப்பு, கழுத்திலும் தோளிலும் இறுக்கம், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, அதன்பின் தூக்கமின்மை. ஷிப்மெண்ட் தேதி நெருங்கும் வாரங்களில் எல்லாமே கூடிவிடுகிறது. ஒருநாள் இரவு மூச்சு முட்டி, விரல்களும் உதடும் மரத்துப்போய், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். ஈசிஜி எடுத்துவிட்டு, "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பின் நானாகவே ஒரு ஆய்வகத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். காலை எட்டரை மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசால் 27.4 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. இயல்பு அளவு 19.4 வரை என்று போட்டிருக்கிறார்கள். சிஆர்பியும் சற்று அதிகம். அறிக்கையை இணைத்துள்ளேன். என் பதற்றத்தால் கார்டிசால் ஏறியதா, கார்டிசால் ஏறியதால் எனக்குப் பதற்றமா? அதைக் குறைத்தால் குணமாகுமா? தோழி அஸ்வகந்தா மாத்திரை சாப்பிடச் சொல்கிறாள். என் கணவரோ, "எல்லாம் மனசு, நீயே சரிபண்ணிக்கொள்" என்கிறார். என் ஸ்மார்ட் வாட்ச்கூட மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் அழுத்தம் அதிகம் என்று காட்டிவந்தது. அதிக ரத்தப்போக்குக்காக நான்கு மாதமாகக் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். வேறு மருந்து எதுவும் இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் முடிவில், பெரிதாக ஒன்றுமில்லை என்ற தொனியில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு மாத்திரைகளிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. உங்களை அச்சுறுத்திய அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பெரும்பாலும் அவையே காரணமாக இருக்கக்கூடும்.

கார்டிசால் என்பது சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளின் புறணியில் சுரக்கும் ஹார்மோன். ரத்தத்தில் அதன் பெரும்பகுதி, ஏறத்தாழ நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல், கல்லீரலில் உருவாகும் சில புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கிறது. எஞ்சிய சிறு பங்கு மட்டுமே எதனோடும் ஒட்டாமல் உயிரணுக்களுக்குள் நுழைந்து வேலை செய்கிறது. உங்கள் ஊரில் தொழிலாளர்களை ஏற்றிவரும் கம்பெனிப் பேருந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள்: பேருந்துகளின் எண்ணிக்கை கூடினால் சாலையில் வரும் ஆட்களின் எண்ணிக்கையும் கூடும், ஆனால் இறங்கித் தறியில் நிற்பவர்கள் அதே அளவுதான் என்றால், உற்பத்தி கூடியதாகச் சொல்ல மாட்டோம். கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் உள்ள எத்தினில் எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜன், கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாக உற்பத்தி செய்யும்படி தூண்டுகிறது. ஆய்வகம் அளப்பது ஒட்டியதும் ஒட்டாததும் சேர்ந்த மொத்தக் கார்டிசாலை என்பதால், இந்த மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு அந்த எண் இயல்பைத் தாண்டிக் காட்டுவது எதிர்பார்க்கக்கூடியதே. கர்ப்பிணிகளுக்கும் இவ்வாறே மொத்த அளவு ஏறித் தெரியும். சிஆர்பி என்ற அழற்சிக் குறியீட்டையும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் ஓரளவு உயர்த்துகின்றன; ஆகவே அதைப் பார்த்து உடலுக்குள் ஏதோ எரிந்துகொண்டிருக்கிறது என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் மாத்திரை அட்டையில் எத்தினில் எஸ்ட்ராடியால் என்ற பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால், உதாரணமாக அது ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டின் என்ற வேறு வகை ஹார்மோன் மட்டும் கொண்ட மாத்திரை என்றால், மேலே சொன்ன விளக்கம் உங்களுக்குப் பொருந்தாது. அதை உங்கள் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இரண்டாவது மாத்திரை பயோட்டின். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளில் 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் இருப்பது சாதாரணம்; உடலின் அன்றாடத் தேவை இதில் மிகச் சிறு துளி மட்டுமே. பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோன்களை அளக்கும்போது பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால் அந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து காட்டும். தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன், கார்டிசால் போன்றவை பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும். நீங்கள் இணைத்த அறிக்கையில் டிஎஸ்எச் 0.19 என்று, இயல்புக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அது கார்டிசாலுக்கு இரண்டு வரி தள்ளி இருந்ததால் உங்கள் கண்ணில் படவில்லை போலும். அது பயோட்டினின் விளையாட்டாக இருக்கலாம். உண்மையான தைராய்டு மிகைச் சுரப்பாகவும் இருக்கலாம். பெண்களிடம் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்படும் இந்தத் தைராய்டு மிகைச் சுரப்பு, படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், எடைக் குறைவு என்று பதற்ற நோயின் வேடத்தை அப்படியே தரித்து வரும் என்பதால், இதை உறுதிசெய்யாமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது. பயோட்டினைக் குறைந்தது மூன்று நாட்கள் நிறுத்திவிட்டு டிஎஸ்எச், ஃப்ரீ டி4 (புரதத்தோடு ஒட்டாத டி4) இரண்டையும் மீண்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்கும் ஊழியரிடமும் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள்.

அதே அறிக்கையில் எனக்குக் கார்டிசாலைவிட முக்கியமாகத் தெரிவது ஹீமோகுளோபின். 10.2 கிராம் என்று இருக்கிறது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி உங்களுடையது நடுத்தர ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது; தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இவ்வளவு பரவலாக இருப்பதாலேயே இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, மருத்துவர்கள் உட்பட. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள் குறைந்தால், அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடித்தே ஆகவேண்டும். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்வது, சோர்வு, கவனம் நிற்காமை, முடி உதிர்வு என உங்கள் பட்டியலில் பாதியை இது ஒன்றே விளக்கிவிடும். பதற்றம் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ரத்தசோகையால் துடிக்கும் இதயத்தை மனம் ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது; அந்த அச்சம் துடிப்பை மேலும் கூட்டுகிறது. மாத்திரையால் இப்போது ரத்தப்போக்கு குறைந்திருக்கலாம். ஆனால் முன்பு இழந்த இரும்புச் சத்தைத் தனியாக ஈடுசெய்யாவிட்டால் அது தானாகத் திரும்பிவிடாது. முடி உதிர்வுக்குப் பயோட்டினை வாங்குவதற்கு முன் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பதற்றத்தால் கார்டிசால் ஏறுமா? ஏறும், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல.

அச்சம் உடலில் இரண்டு வழிகளில் இறங்குகிறது. முதல் வழி நரம்பு வழி. ஆபத்து வேளையில் உடலை உசுப்பும் பரிவு நரம்புகளும் அட்ரீனலின் உட்பகுதியில் சுரக்கும் அட்ரினலினும் சில நொடிகளிலேயே இதயத்தை விரைவுபடுத்தி, தசைகளை இறுக்கி, வியர்வையைக் கொட்டச் செய்கின்றன. ரத்தத்தில் அட்ரினலின் நிலைத்திருப்பது மிகச் சில நிமிடங்களே. உங்கள் படபடப்பும் தோள் இறுக்கமும் இந்த வழியைச் சேர்ந்தவை. இரண்டாவது வழி மெதுவானது: மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி ரத்தத்தின் மூலம் அட்ரீனல் புறணிக்குச் சொல்ல, கார்டிசால் சுரந்து உச்சத்தைத் தொடுவதற்கு இருபது முப்பது நிமிடங்கள் ஆகிவிடும். ஆகவே அச்சத்தின் உச்சியில் நீங்கள் உணரும் உடல் மாற்றங்கள் கார்டிசாலால் வருபவை அல்ல. அது வந்து சேரும்போது அலை பெரும்பாலும் கடந்திருக்கும்.

இதை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1993-இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர் ஆகியோர் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். முகபாவம் காட்டாத நடுவர்களின் முன்னே நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1,022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். பிழை வந்தால் மீண்டும் தொடக்கத்திலிருந்து. பலருக்கு உமிழ்நீர்க் கார்டிசால் இரண்டு மடங்கு முதல் நான்கு மடங்குவரை ஏறியது. அதே ஆய்வாளர்களில் சிலர் 1999-இல் வெளியிட்ட முடிவு பெண்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. கருமுட்டை வெளியேறிய பின்னுள்ள இரண்டு வாரங்களில் பெண்களின் உமிழ்நீர்க் கார்டிசால் ஆண்களுக்கு இணையாக ஏறியது. மாதவிலக்குச் சுழற்சியின் முற்பாதியில் இருந்தவர்களுக்கும், கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கும் அந்த ஏற்றம் குறைவாகவே இருந்தது. அதாவது, அதே மேடை, அதே கணக்கு. சுழற்சியின் நாளையும் எடுத்துக்கொள்ளும் மாத்திரையையும் பொறுத்து எண் மாறிவிடுகிறது. உங்கள் நிலையில் இது ஒரு விந்தையான முடிவுக்கு இட்டுச் செல்கிறது: மாத்திரையால் ரத்தத்தில் மொத்தக் கார்டிசால் உயர்ந்து தெரியும் அதே வேளையில், அழுத்தத்துக்கு உங்கள் உடல் காட்டும் கட்டற்ற, அதாவது புரதத்தோடு ஒட்டாத, கார்டிசாலின் ஏற்றம் குறைந்தே இருக்கக்கூடும்.

இதைவிட வியப்பானது, ஒருவர் எவ்வளவு பதறினார் என்பதற்கும் அவருடைய கார்டிசால் எவ்வளவு ஏறியது என்பதற்கும் உள்ள தொடர்பு மிகத் தளர்வானது என்பதுதான். இத்தகைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆய்வுகளில் மட்டுமே இரண்டும் குறிப்பிடத்தக்க அளவில் ஒத்துப்போயின. கடுமையாகப் பதறியும் கார்டிசால் அசையாதவர்கள் உண்டு. அமைதியாகத் தோன்றி உள்ளே ஏறியவர்களும் உண்டு. நீண்டநாள் பதற்றத்தில் சிலருக்கு அது உயர்ந்தும், சிலருக்கு மழுங்கியும், வேறு சிலருக்கு மாறாமலும் இருக்கிறது. போதாததற்கு, கார்டிசால் நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. விழித்த அரை மணி முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், மாலையில் இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாகிவிடும். ஆகவே ஒரு காலையில், ஒரு ஊசியில் எடுத்த ஒரு எண், உங்கள் ஓராண்டுத் துயரத்தைப் பற்றி எதையும் சொல்லிவிடாது. பரிசோதனைத் தொகுப்புகளில், கேட்பவருக்கெல்லாம் கார்டிசாலைச் சேர்த்து விற்பதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. கைபட்டாலே கன்றிப்போகும் தோல், வயிற்றில் விரலகலத்துக்கு ஊதா நிற வரிகள், உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாத தொடைத் தளர்ச்சி போன்றவை இருந்தால் கார்டிசால் உண்மையிலேயே மிகையாகும் கஷிங் நோய்க்குறியைச் சந்தேகித்து, இரவு உமிழ்நீர்ப் பரிசோதனையோ, இரவில் 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற மருந்தைக் கொடுத்து மறுநாள் காலை பார்க்கும் பரிசோதனையோ செய்வோம். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கைக்கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அழுத்தத்தை அளப்பதில்லை. தோலின் வழியே ஒளியைப் பாய்ச்சி நாடியைப் பார்த்து, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, அதிலிருந்து ஒரு மதிப்பெண்ணை ஊகிக்கிறது. பதற்ற நோய் உள்ளவர்களிடம் இந்த வேறுபாடு சராசரியாகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரங்களில், எந்தக் கவலையும் இல்லாத பெண்ணுக்குக்கூட அது இயல்பாகவே சற்றுக் குறையும். ஓய்வுநிலை நாடித்துடிப்பும் இரண்டு மூன்று கூடும். கடிகாரம் அதைத்தான் உங்களுக்கு அழுத்தம் என்று மொழிபெயர்த்துக் காட்டியிருக்கிறது. இரவில் அதைக் கழற்றி வைத்துவிட்டு உறங்குவது நல்லது. மூன்று மணிக்கு விழித்ததும் மதிப்பெண் பார்க்கும் பழக்கம் தூக்கத்துக்குப் பகை.

அப்படியானால் பதற்றத்தை எப்படி அளப்பது? கேட்டுத்தான் அளக்க வேண்டும். 2006-இல் உருவாக்கப்பட்டு உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள ஜிஏடி-7 என்ற படிவத்தில் ஏழே கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் பதற்றமாக உணர்ந்தது, கவலையை நிறுத்த முடியாமல் போனது, இருப்புக் கொள்ளாமல் தவித்தது, ஏதோ மோசமாக நடக்கப்போகிறது என்று அஞ்சியது போன்றவை எத்தனை நாள் இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 21. பத்தும் அதற்கு மேலும் வந்தால் முறையான மதிப்பீடு தேவை. ரத்தமும் ஊசியும் தேவைப்படாத இந்தப் படிவம், நீங்கள் பணம் கொடுத்துப் பார்த்த கார்டிசாலைவிட உங்கள் நிலையை நன்றாகச் சொல்லும்.

அன்று இரவு நடந்ததையும் விளக்கிவிடுகிறேன். மூச்சு போதவில்லை என்ற அச்சத்தில் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சிழுக்கும்போது, ரத்தத்திலுள்ள கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அதனால் ரத்தத்தின் காரத்தன்மை கூடி, கட்டற்ற கால்சியம் குறைந்து, நரம்புகள் தூண்டப்பட்டு, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகின்றன. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. "ஒன்றுமில்லை" என்று அவர்கள் சொன்னது சரியல்ல. மிகத் தெளிவாக ஒன்று நடந்தது, அந்நேரத்து இதயத் துடிப்புப் பதிவில் கோளாறு தெரியவில்லை என்பது மட்டுமே ஈசிஜி சொன்ன செய்தி. மறுபடி வந்தால், நான்கு எண்ணும் நேரம் மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற இந்த வேகத்தில் ஐந்து நிமிடம் போதும். அலை வராத நாட்களிலும் பழகிவைத்தால்தான் வரும்போது கைகொடுக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உங்கள் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கக்கூடும் என்பதால், திடீர் மூச்சுத்திணறலோடு மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீக்கமும் வலியும், இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அதைப் பதற்றம் என்று நினைத்து வீட்டில் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்கக் கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கக்கூடும், உடனே மருத்துவமனைக்குச் சென்று, மாத்திரை எடுப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

அஸ்வகந்தா வேண்டாம். நாம் அமுக்கரா என்று அறிந்த கிழங்குதான் என்றாலும், செறிவூட்டிய மாத்திரை வடிவில் அதை உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. தைராய்டு ஹார்மோனை அது உயர்த்தவும் கூடும். டிஎஸ்எச் குழப்பத்தில் இருக்கும் உங்களுக்கு, இறக்கத் தேவையில்லாத ஒரு எண்ணை இறக்குவதற்காக இது தேவையற்ற இடர். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளையும் இதே மூச்சில் தவிர்த்துவிடுங்கள். அவை அன்றைய இரவைக் கடத்தும், ஆனால் சில வாரங்களிலேயே அவையின்றி உறங்க முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

உங்கள் கணவர் இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில் அவருக்கும் ஒன்று சொல்கிறேன். பதற்ற நோய்கள் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகின்றன. அது மன உறுதிக் குறைவால் அல்ல. ஹார்மோன் ஏற்ற இறக்கங்களும், அலுவலகம் முடிந்தபின் வீட்டில் தொடங்கும் இரண்டாவது வேலையும், பகிர்ந்துகொள்ளப்படாத பொறுப்பும் அதில் சேர்ந்திருக்கின்றன. மனம் என்று பெயர் வைத்துவிட்டால் உடலில் நடப்பது இல்லையென்று ஆகிவிடாது. நீயே சரிசெய்துகொள் என்று ரத்தசோகையைப் பார்த்து நாம் சொல்வதில்லை. மருத்துவரிடம் போகும் நாளில் உடன் வாருங்கள். அதுவரை, மூன்று மணிக்கு அவர் விழித்தால் விளக்கம் கேட்காமல் பக்கத்தில் இருங்கள்.

செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறேன். முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, பயோட்டின் நிறுத்திய பின் தைராய்டு, முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் ஆகியவற்றை மட்டும் பாருங்கள்; கார்டிசாலை மீண்டும் பார்க்க வேண்டாம். ரத்த அழுத்தத்தையும் அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அதைக் கூட்டக்கூடும். இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தால், டீ, காபிக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு எடுங்கள். ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்த பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். கருத்தடை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தப்போக்கு ஏன் அதிகமானது, கர்ப்பப்பையில் நார்க்கட்டி உண்டா என்பதை ஸ்கேன் செய்து பார்த்தார்களா என்று உங்கள் மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள்.

இவையெல்லாம் சரியான பிறகும் கவலை விலகவில்லை என்றாலோ, ஜிஏடி-7 மதிப்பெண் இப்போதே பத்தைத் தாண்டினாலோ, தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு உண்டு. சிந்தனை–நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல பலன் இருக்கிறது. தேவைப்பட்டால், மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் தருவார்கள். அவை தூக்க மாத்திரைகள் அல்ல, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நிறுத்தும்போதும் மருத்துவர் சொல்படி படிப்படியாகவே நிறுத்த வேண்டும். அதற்குமுன் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். மூன்று மணிக்கு விழித்திருக்கும்போதும் அந்த எண் இயங்கும்.